கலிஃபோர்னியாவில் இந்த செமி ஆட்டோ துப்பாக்கி சட்டப்படி சரியா? நீங்களே பார்த்துக்கொள்ளும் முறை

வாத்து வேட்டைக்கு ஒரு செமி ஆட்டோ ஷாட்கன், ரேஞ்சில் சுட ஒரு ரைஃபிள். இரண்டையும் பழையதாக வாங்கலாம் என்று கிளம்பியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு கடையில் "இது கலிஃபோர்னியாவில் ஆகாது" என்றார்கள். அதே மாடலை யூடியூபில் ஒருவர் இங்கேயே ரேஞ்சில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். யார் சொல்வதையும் நம்பாமல் சட்டப் பிரிவையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் விஷயம் பிடிபட்டது. அதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தவறினால் சிறைவரை போகக்கூடிய சமாச்சாரம் இது, சந்தேகம் வந்தால் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு, வயது வரம்பு, பின்புலச் சரிபார்ப்பு, பத்து நாள் காத்திருப்பு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

தேவையான கருவிகள் மூன்று. ஒரு அளவு நாடா, பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) நுழையும் ஒரு மரக்குச்சி, அப்புறம் மாநில சட்டமன்றத்தின் இணையதளத்திலிருந்து அச்செடுத்த குற்றவியல் சட்டப் பிரிவுகள் 30510, 30515. அச்செடுத்துப் பேனாவால் கோடு போட்டுப் படிப்பதுதான் எனக்குச் சரிப்படும். வண்ணப் படங்களோடு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வெளியிட்ட அடையாளக் கையேடு ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அது 2001ல் வந்தது. பெயர் பார்க்க மட்டும் உதவும், மேகசீன் (தோட்டா அடைக்கும் பெட்டி) பற்றிய பகுதி காலாவதியாகிவிட்டது. ஏன் என்று மூன்றாம் படியில் வருகிறது.

படி 1: செமி ஆட்டோவா என்று பாருங்கள்

ஒரு முறை ட்ரிகரை இழுத்தால் ஒரு தோட்டா போய், அடுத்தது தானாகவே ஏறி நின்றால் அது செமி ஆட்டோ. கையால் முன்னும் பின்னும் இழுக்கவேண்டிய பம்ப் ஷாட்கன், லீவர் ரைஃபிள், போல்ட் ரைஃபிள் எதுவும் இதில் சேராது. அவற்றுக்கு இந்தப் பதிவில் கிட்டத்தட்ட வேலையே இல்லை. ஷாட்கனில் மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது, அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

படி 2: பெயர்ப் பட்டியல்

1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒருவன் சுட்டதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டே ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது. அது பெயர் சொல்லித் தடுத்தது. கோல்ட் ஏஆர்-15, கலாஷ்னிகோவ் (ஏகே) வகை, உஸி, ஸ்டெயர் ஆக் என்று நீளும் பட்டியல். ஷாட்கன்களில் ஃப்ராங்கி ஸ்பாஸ் 12, லா 12, ஸ்ட்ரைக்கர் 12, ஸ்ட்ரீட்ஸ்வீப்பர். பின்னர் 2000ல் ஏஆர், ஏகே குடும்பத்தின் வேறு பல பெயர்களும் சேர்ந்தன.

பெயரைக் கடை விளம்பரத்தில் தேடாதீர்கள். ஏஆர் வகையில் லோயர் ரிசீவரின் (ட்ரிகர் இருக்கும் கீழ்ப்பகுதியின்) பக்கவாட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரும் மாடலும்தான் கணக்கு. புஷ்மாஸ்டர் எக்ஸ்எம்15 என்று பொறித்திருந்தால் மேலே என்ன மாற்றிப் பூட்டினாலும் அது பட்டியலில் உள்ள துப்பாக்கிதான். அதே வார்ப்பில் வந்து, பட்டியலில் இல்லாத பெயரைத் தாங்கியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஏஆர், ஏகே குடும்பத்தில் ஒன்று பெயரால் தடைபட வேண்டுமானால் அது பட்டியலில் இருக்கவேண்டும் என்று 2001ல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

படி 3: மேகசீன்

எல்லாக் குழப்பமும் இங்கேதான். பலரும் முதலில் பிஸ்டல் கிரிப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கிரிப் குற்றமா இல்லையா என்பதையே மேகசீன்தான் தீர்மானிக்கிறது, ஆகவே அதை முதலில் பாருங்கள்.

பெயரை மாற்றி அதே துப்பாக்கியை விற்க ஆரம்பித்ததால் 2000 ஜனவரி 1 முதல் பாகங்களைப் பார்க்கும் முறை வந்தது. மேகசீன் சுலபமாகக் கழன்றால் சில பாகங்கள் இருக்கக்கூடாது. உடனே "புல்லட் பட்டன்" வந்தது. விரலால் அழுத்த முடியாத ஒரு சின்ன பொத்தான், தோட்டாவின் முனையை உள்ளே விட்டு அழுத்தினால் மேகசீன் விழும். கருவி வைத்துக் கழற்றுவதால் இது "கழற்றும் மேகசீன்" கணக்கில் வராது என்று பல வருடம் ஓடியது. 2016ல் சட்டத்தைத் திருத்தி 2017 ஜனவரி 1 முதல் அந்தக் கதவையும் சாத்தினார்கள். 2001 கையேடு உதவாததற்குக் காரணம் இதுதான். பழைய துப்பாக்கி வாங்கும்போது புல்லட் பட்டன் கண்ணில் பட்டால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் நின்று யோசியுங்கள்.

இன்றைய நிலையில், துப்பாக்கியின் ஆக்‌ஷனைப் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியை) பிரிக்காமல் மேகசீனை எடுக்கவே முடியாது என்றால்தான் அது நிலையான மேகசீன். ஏஆரில் இதற்கு என்ன அர்த்தம் என்று அரசு விதி விளக்குகிறது. பின்பக்கத்து டேக்டவுன் பின்னை விடுவித்து, முன் பின்னைக் கீலாக வைத்து அப்பர் ரிசீவரை (மேல்பகுதியை) மேலே தூக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மேகசீன் வெளியே வரவேண்டும். சோதிப்பதும் அப்படியே. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பின்னைத் தொடாமல் மேகசீன் பொத்தானை எல்லா வகையிலும் அழுத்திப் பாருங்கள். பேனா முனை, சாவி, காந்தம் எதற்காவது அசைந்துகொடுத்தால் அது நிலையானது இல்லை. அசையவே இல்லை என்றால் கொள்ளளவைப் பாருங்கள். நிலையான மேகசீன் 10 தோட்டாவுக்கு மேல் கொண்டால் அதுவும் தடைதான்.

பழைய எஸ்கேஎஸ் ரைஃபிள் நல்ல உதாரணம். பத்து தோட்டா நிலையான மேகசீனோடு வந்த வடிவில் பிரச்சினை இல்லை. யாராவது கழற்றும் மேகசீன் போட்டு மாற்றியிருந்தால் அது நேராகப் பெயர்ப் பட்டியலுக்கே போய்விடும்.

படி 4: ரைஃபிளின் பாகங்கள்

மேகசீன் கழலும், செமி ஆட்டோ, சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பாகத்தின் நடுவில் அடிபட்டு வெடிப்பது). மூன்றும் சேர்ந்தால் கீழே உள்ளவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போச்சு. ஆக்‌ஷனுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் ஓட்டை வைத்த ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை), மடிக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் ஸ்டாக், கிரனேட் அல்லது ஃப்ளேர் லாஞ்சர், ஃப்ளாஷ் சப்ரஸர், முன்பக்க பிஸ்டல் கிரிப்.

1994 முதல் 2004 வரை இருந்த மத்திய அரசுத் தடையில் இரண்டு பாகங்கள் சேர்ந்தால்தான் தடை, இங்கே ஒன்று போதும். அந்தச் சட்டத்தில் இருந்த பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொக்கி கலிஃபோர்னியாப் பட்டியலில் இல்லவே இல்லை. பழைய ராணுவ ரைஃபிளில் அந்தக் கொக்கியைப் பார்த்துப் பதறவேண்டாம்.

பிஸ்டல் கிரிப் என்றால் எது? ட்ரிகர் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சவ்வுப் பகுதி, வெளியே தெரியும் ட்ரிகரின் மேல் நுனிக்குக் கீழே வந்து பிடிக்க முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். துப்பாக்கியைப் பக்கவாட்டில் மேசைமேல் வைத்து, ட்ரிகரின் மேல் நுனியிலிருந்து பின்னால் ஒரு நேர்கோட்டை அளவு நாடாவால் இழுத்துப் பாருங்கள். உங்கள் கைச்சவ்வு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க வழி இருக்கிறதா? கட்டைவிரல் சுற்றி வளைக்க முடியாதபடி மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு வைத்த கிரிப் விற்கிறார்களே, அதன் வேலையே சவ்வைக் கோட்டுக்கு மேலே நிறுத்துவதுதான். பார்க்க அசிங்கம், பிடிக்கவும் வசதியில்லை.

இருந்தாலும் என் ஓட்டு துடுப்புக் கிரிப்புக்குத்தான். நிலையான மேகசீன் பூட்டு வைத்தால் துப்பாக்கி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு தோட்டா சிக்கிக்கொண்டால் வேதனை. போல்ட் பாதியில் நிற்கும்போது அப்பர் திறக்காது, அப்பர் திறக்காமல் மேகசீன் வராது. ரேஞ்சில் தோட்டா ஏறிய துப்பாக்கியோடு அப்படி மல்லுக்கட்ட எனக்கு இஷ்டமில்லை.

இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு ரூகர் மினி-14. மரக்கட்டை ஸ்டாக் வைத்த சாதாரண மாடலில் பிஸ்டல் கிரிப் கிடையாது, ஃப்ளாஷ் சப்ரஸர் கிடையாது. பத்து தோட்டா மேகசீனைச் சுதந்திரமாகக் கழற்றி மாட்டலாம். ஏஆர்-15 சுடும் அதே .223 தோட்டாவைத்தான் இதுவும் சுடுகிறது. சட்டம் துப்பாக்கியின் வலிமையைப் பார்ப்பதில்லை, உடம்பைப் பார்க்கிறது. இது நியாயமா என்று வாதாட நிறைய இடம் உண்டு, வாங்கப் போகும்போது அந்த வாதம் உதவாது.

ஃப்ளாஷ் சப்ரஸரையும் மசில் பிரேக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது சுடுபவரின் கண்ணுக்குத் தெரியும் தீப்பிழம்பைக் குறைப்பது, தடை. பின்னது உதையைக் குறைப்பது, தடையில்லை. இரண்டும் பேரல் முனையில் ஒரே மாதிரி தெரியும். பொட்டலத்தில் "ஹைப்ரிட்" என்று போட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

நீளம். சென்டர்ஃபயர் செமி ஆட்டோ ரைஃபிள் மொத்தமாக 30 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், மேகசீன் எப்படி இருந்தாலும் தடை. அளக்கும்போது ஸ்டாக்கை முழுக்க மடித்தோ சுருக்கியோதான் அளக்கவேண்டும். முனையில் திருகிக் கழற்றும் பாகத்தைச் சேர்க்கக்கூடாது, நிரந்தரமாகப் பற்றவைத்தது என்றால் சேர்க்கலாம். நாடாவைத் துப்பாக்கியின் வளைவில் ஓட்டாதீர்கள். பேரலுக்கு இணையாகத் தரையில் வைத்து இரண்டு முனையிலும் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அளங்கள். மரக்குச்சி பேரலுக்கு. போல்ட்டை மூடி, முனையிலிருந்து குச்சியை உள்ளே விட்டு, முட்டும் இடம்வரை குறித்து எடுங்கள். ரைஃபிளுக்கு 16 அங்குலம், ஷாட்கனுக்கு 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

.22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) ரைஃபிளுக்கு இந்தப் படியில் சொன்ன பாகத் தடையும் 30 அங்குலக் கணக்கும் கிடையாது. பேரல் நீளம் பொருந்தும், கழற்றும் மேகசீனுக்குப் பத்து தோட்டா வரம்பும் பொருந்தும். புதிதாகச் சுடப் பழகுபவர்களுக்கு .22ஐ நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

படி 5: ஷாட்கன்

ஷாட்கன் கணக்கு வேறு. ரைஃபிள் பட்டியலை இங்கே கொண்டுவந்து பொருத்தித்தான் பலர் குழம்புகிறார்கள். செமி ஆட்டோ ஷாட்கனில் மடிக்கும் அல்லது நீட்டும் ஸ்டாக்கும், பிஸ்டல் கிரிப் அல்லது கட்டைவிரல் ஓட்டை ஸ்டாக் அல்லது செங்குத்துக் கைப்பிடியும் சேர்ந்து இருந்தால்தான் தடை. ஒன்று மட்டும் இருந்தால் பரவாயில்லை. பெனெல்லி எம்4 பிஸ்டல் கிரிப்போடு இங்கே கடையில் தொங்குவது இதனால்தான், அதன் ஸ்டாக் அசையாது, தோட்டா பேரலுக்குக் கீழே உள்ள குழாயில் ஏறும். அதே துப்பாக்கிக்கு இணையத்தில் நீட்டிச் சுருக்கும் ஸ்டாக் வாங்கி மாட்டினால் அன்றைக்கே கதை மாறிவிடும்.

இரண்டாவது, கழற்றும் மேகசீன் ஏற்கும் செமி ஆட்டோ ஷாட்கன். இதற்கு வேறு பாகமே தேவையில்லை, அது ஒன்றே போதும். சைகா-12 மாதிரியானவை இங்கே அடிபட்டுப் போகும்.

மூன்றாவதுதான் முதல் படியில் சொன்ன விலக்கு. ரிவால்வர் போலச் சுழலும் சிலிண்டர் வைத்த எந்த ஷாட்கனும் தடை, செமி ஆட்டோவாக இல்லாவிட்டாலும்.

என் வாத்து வேட்டை ஷாட்கனுக்குக் குழாய் மேகசீன், சாதாரண ஸ்டாக். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. ரைஃபிள்தான் இழுத்தடித்தது.

பின்னூட்டங்களில் வந்தவை

"நிலையான மேகசீன் பூட்டு வைத்திருக்கிறேன், சுத்தம் செய்ய மேகசீனை எடுத்துவிட்டு அப்படியே மூடி வைக்கலாமா?" கூடாது. மேகசீன் இல்லாத காலி ஓட்டை நிலையான மேகசீன் ஆகாது. பிஸ்டல் கிரிப்போடு அப்படி மூடி வைத்தால் தடைசெய்யப்பட்ட வடிவம் உங்கள் அலமாரியில் நிற்கிறது. துடுப்புக் கிரிப்பை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். நான் முதலில் போல்ட் கேரியரை (போல்ட்டைத் தாங்கும் உள்பாகத்தை) வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பேன்.

"நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டதாமே?" 2021 ஜூனில் சான் டியேகோவில் ஒரு ஃபெடரல் நீதிபதி செல்லாது என்றார், 2023 அக்டோபரில் மறுபடியும் சொன்னார். இரண்டு முறையும் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. செய்தித் தலைப்பை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

"டெக்சாஸிலிருந்து வேலை மாறி வருகிறேன், என் ஏஆரைக் கொண்டுவரலாமா?" மேலே உள்ள படிகளில் தேறாத துப்பாக்கியை மாநிலத்துக்குள் கொண்டுவருவதே பெருங்குற்றம், 4 முதல் 8 ஆண்டு சிறை. வண்டி எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே கிரிப், ஸ்டாக் எல்லாம் மாற்றியிருக்கவேண்டும், அல்லது அங்கேயே விற்றுவிடவேண்டும். தேறும் துப்பாக்கிகளை வந்த 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.

நம்மவர்களிடமிருந்து அதிகம் வந்த கேள்வி, ஹெச்-1பியில் இருப்பவர் வாங்கலாமா என்பது. மாநிலச் சட்டத்துக்கு முன்பே ஃபெடரல் சட்டம் குறுக்கே நிற்கிறது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது உள்ளிட்ட சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு தோட்டா சுடுவதும் இந்தத் தடையில் அடங்கும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.