பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கும் முன்

1996-லேயே உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை இன்றைக்கும் தேடி அலைகிறீர்கள் என்றால், அந்தச் சத்தமும் 98 சிசியில் 11 குதிரைத்திறனும்தான் காரணமாக இருக்கும், மைலேஜ் நிச்சயம் இல்லை.

பார்க்கப் போகுமுன், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செலவு உங்கள் தலையில். ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்துதானே எரிகிறது. சூடான பிறகும் குறையாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம், ஆயில் டேங்க் தனி. அது காலியானால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடியே வராதீர்கள், ஆயில் பம்ப் அதோடுதான் இணைந்திருக்கிறது, மூடினால் எஞ்சினுக்குப் போகும் ஆயிலும் குறைந்துவிடும், இடையிடையே லேசாக முறுக்குங்கள்.