'செட்', டப்: ஓட்டப் பந்தய ஸ்டார்ட் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விளையாட்டு விழா நெருங்கினால் குமரி மாவட்ட மைதானங்களில் விடியும்போதே கிளாப்பர் சத்தம் கேட்கும்; ஓட்டத்தைத் தொடங்க இரு பலகைகளைத் தட்டும் கருவி அது. 'செட்' என்றால் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும், 'டப்' கேட்டதும் ஓட வேண்டும். மதிலுக்கு வெளியே நின்றாலே தவறு தெரிந்துவிடும். 'செட்', டப். 'செட்', டப். எல்லாம் ஒரே இடைவெளி.

ஒரே தாளத்தில் தட்டுவது

ஐந்தாறு ஸ்டார்ட்டுக்குள் பையன் சத்தத்தைக் கேட்பதை விட்டுவிடுவான், எண்ணத் தொடங்குவான். சத்தம் வந்த 0.08 நொடியில் கிளம்புவான், பி.டி. சாருக்கு ஒரே சந்தோஷம். 0.100 நொடிக்குள் கிளம்பினால் ஃபவுல் ஸ்டார்ட், அதாவது முந்திப் பாய்ந்த தவறு, என்கிறது சர்வதேச விதி. பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கே கிளம்ப 0.146 நொடி ஆனது.

போட்டியில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர், எல்லோரும் அசையாமல் நின்ற பிறகுதான் துப்பாக்கியால் சுடுவார். அந்த நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். தாளம் பழகியவன் முந்திப் பாய்வான். 2010 முதல் ஒரே ஃபவுலில் வெளியே. 2011 டேகு உலகச் சாம்பியன்ஷிப் 100 மீட்டர் இறுதியில் போல்ட்டும் அப்படித்தான் போனார். பாயாமல் அடக்கிக்கொண்டாலோ, இறுகிய உடம்பு தளர்ந்து, சுடும்போது பிந்திவிடும்.

சரி, மாற்றித் தட்டுகிறோம் என்பார்கள். அதுவும் அரைகுறைதான். 1, 1.5, 2, 2.5 நொடிகளைச் சமமாகக் கலந்தால், நேரம் ஆக ஆக 'இப்போ வந்துரும்' என்ற உறுதி கூடும். நீண்ட காத்திருப்பில் வேகம், குறுகியதில் மந்தம்.

பதினாறு சீட்டு எழுதுங்கள்: எட்டில் 1 நொடி, நான்கில் 1.5, இரண்டில் 2, ஒன்றில் 2.5, ஒன்றில் 'தட்டாதே'. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படிச் செய்தால் எவ்வளவு காத்திருந்தாலும் அடுத்த அரை நொடியில் சத்தம் வர எப்போதும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான், எண்ணிப் பயனில்லை. மொபைலில் தாளம் தட்டும் செயலியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 துடிப்பில், சத்தமில்லாமல் அதிர்வில் வைத்தால் ஒரு துடிப்பு அரை நொடி. 'செட்' சொன்னதிலிருந்து அல்ல, இடுப்பு உயர்ந்து நிலைத்ததிலிருந்து எண்ணுங்கள். 'தட்டாதே' சீட்டுக்குப் பாய்பவன் இன்னும் ஊகிக்கிறான்.

உடனே தட்டுவது

அரை நொடியில் இடுப்பே நிலைக்காது.

மூன்று நொடிக்கு மேல் நிறுத்துவது

கை நடுங்கும், கவனம் கலையும். வேண்டாம்.

தூரத்தில் நின்று தட்டுவது

17 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி போய்ச்சேரவே 0.05 நொடி. ஓரத்தில் நிற்காமல், வரிசைக்கு நடுவே பின்னால் நில்லுங்கள்.

சாதா வீடியோவில் அளப்பது

நொடிக்கு 30 பிரேம் (படம்) எடுக்கும் வீடியோவில் ஒரு பிரேமே 0.033 நொடி. 240-க்கு மாற்றுங்கள்.

ஸ்கேல் சோதனையில் 'ஒன், டூ, த்ரீ'

ஒருவர் ஸ்கேலை விட, மற்றவர் விரல்களால் பிடிக்கும் சோதனை இது: விழும் ஸ்கேலை 20 செ.மீ.யில் பிடித்தால் 0.20 நொடி, 5 செ.மீ.யில் பிடித்தால் 0.10. ஐந்தில் பிடித்தவனுக்குக் கைதட்டாதீர்கள், உங்கள் எண்ணிக்கையை வைத்து ஊகித்திருப்பான். வாயை மூடிக்கொண்டு இன்னொரு முறை விடுங்கள்.