துணிக் கயாக்குக்குப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரச் சட்டகத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்துக் கயாக் (துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுக்கமான சிறு படகு) செய்பவர், வேலை முக்கால்வாசி முடிந்ததும் நேராகப் பெயிண்ட் கடைக்குப் போவார். "தண்ணி இறங்காத பெயிண்ட் எது?" என்பார். கடைக்காரரும் மொட்டைமாடிக்கு அடிக்கிற டப்பா ஒன்றை எடுத்து வைப்பார். முதல் தவறு அந்தக் கேள்விதான். தண்ணீரைத் தடுக்கும் பூச்சுகள் ஏராளம். துணியை விடாமல் பிடித்துக்கொண்டு, அது வளையும்போது கூடவே வளைபவை கொஞ்சம்தான். கையில் இருப்பது என்ன துணி என்று முதலில் தெரிய வேண்டும்.

கேன்வாஸ் என்றால் பருத்தி. அதன் நூலில் பிசிறு உண்டு. எண்ணெய் பெயிண்ட் அதில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். இதை நம்பிச் சிலர் பழைய கேனோ (மேலே திறந்த துடுப்புப் படகு) செய்முறையை அப்படியே கயாக்குக்குப் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் நியூ பிரன்சுவிக்கிலும் கேன்வாஸ் கேனோ கட்டியவர்கள், ஆளிவிதை எண்ணெயில் சிலிக்காத் தூளும் வெள்ளை ஈயமும் குழைத்து நெசவின் கண்களில் தேய்த்து அடைப்பார்கள். வாரக்கணக்கில் காயவிட்டு அப்புறம்தான் எனாமல். (ஈயம் நஞ்சு என்பதால் இப்போது ஈயமில்லாத கலவைகள் வந்துவிட்டன.) அது அங்கே நிற்கிறது, ஏனென்றால் அந்தக் கேன்வாஸுக்கு அடியில் முழுக்க மரப்பலகை, துணி அசைவதே இல்லை. கயாக்கில் துணிக்குப் பின்னால் வெறும் காற்று. கல் பட்டாலும் முழங்கால் அழுத்தினாலும் துணி உள்வாங்கும், கட்டியான அடைப்பு பாளம்பாளமாக வெடிக்கும். இங்கே மெல்லிய எண்ணெய் பெயிண்ட் இரண்டு மூன்று தடவை போதும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தலை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

நைலான் வேறு சாதி. நூல் வழவழப்பு, பெயிண்டுக்குப் பிடிமானம் குறைவு. ஈரம் ஏறினால் நீளும், காய்ந்தால் இறுகும். இதனால்தான் துணியை நனைத்துத் தைத்து, காயவிட்டு விறைப்பாக்குகிறார்கள். நீண்டு சுருங்கும் இந்தத் துணிமேல் சாதாரண எனாமல் அடித்தால், புதிதில் பளபளக்கும். நாளாக ஆக எண்ணெய் பெயிண்ட் இறுகிக்கொண்டே போகும், துணி இழுபடும் இடமெல்லாம் விரிசல் விடும். எபாக்ஸியும் (காய்ந்தால் கெட்டியாகிவிடும் பிசின்) அதே கதைதான். கண்ணாடியிழைப் படகு செய்து பழகியவர்கள் அனிச்சையாக அதைத்தான் எடுப்பார்கள். அங்கே இழையும் எபாக்ஸியும் சேர்ந்து விறைப்பான ஓடாகிவிடும். இங்கே துணி வளையும், எபாக்ஸி வளையாது.

பாலியஸ்டர் ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது, அதனால் தண்ணீரில் தொய்வதில்லை. எண்ணெய் பெயிண்டும் வார்னிஷும் இதில் நைலானைவிட நன்றாக நிற்கும். சூட்டில் சுருங்கும் ரகத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே இறுக்கலாம். பெயிண்ட் அடித்த பிறகு சுருக்கம் கண்ணில் பட்டு, அதன் மேல் இஸ்திரி போடுபவர்கள் இருக்கிறார்கள்! இறுக்கும் வேலையெல்லாம் பூச்சுக்கு முன்னால் முடிய வேண்டும்.

நைலானுக்கு இன்று பலரும் எடுப்பது இரண்டு பாகமாக வரும் பாலியூரிதேன். பூச்சு நல்லது, ஆள்தான் கவனமாக இருக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் சில இடம் பிசுபிசுவென்றே கிடக்கும். தராசிலோ அளவுக் குவளையிலோ அளந்து கலக்கவும். கெட்டிப்படுத்தும் பாகத்தில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஈரத் துணியிலும் மழைநாளிலும் பூச்சு நுரைத்துக் குமிழி விடுவது அதனால்தான். அதே ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் போதாது. பூச்சு டப்பாவில் சொன்ன வகை சுவாசக் கவசம் வேண்டும்.

முந்தைய பூச்சு முழுக்க இறுகுவதற்குள் அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒட்டி ஒன்றாகும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்புத்தாள் போட வேண்டி வரும். அது நூலைத் தொட்டதோ, துணி பூனைமுடிபோலச் சிலிர்த்துக்கொள்ளும்.

நான் ஒருமுறை சிக்கனம் பார்த்து முதல் பூச்சில் தின்னரைத் தாராளமாக ஊற்றினேன். வெளியே அழகாகப் பரவியது. குனிந்து உள்ளே பார்த்தால் நெசவு வழியாக இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த பிறகு முழங்காலைக் கீறியது.

தார் மலிவு, இளக்கமானது. அயர்லாந்தின் கரக் படகுகளுக்குக் கேன்வாஸ் மேல் அதைத்தான் பூசினார்கள். நம் ஒகேனக்கல் பரிசலிலும் ஒரு காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். ஆனால் வெயிலில் இளகி வேட்டியில் ஒட்டும். கறுப்பு பிடிக்கவில்லை என்று அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தால் பழுப்புக் கறை மேலே கசிந்து வரும். சிலிக்கான் இன்னும் மோசம். ஒருமுறை பூசினால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

நிறமில்லாத பூச்சு அழகுதான், வெளிச்சத்தில் விலா எலும்புபோலச் சட்டகம் தெரியும். ஆனால் நைலானை வெயில் அரிக்கும். வெளியிலேயே கிடக்கப்போகும் படகென்றால் நிறமி கலந்ததே மேல்.

படகில் பூசுமுன் மிச்சத் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டி, பூசி, ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் கழற்றி இரண்டாக மடித்து மடிப்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தாலோ ஓரம் உரிந்தாலோ, அந்த டப்பா கதவு ஜன்னலுக்கு ஆகும்.