எதிராளி எஞ்ஜின் பார்த்து ஆடுகிறாரா?

எங்கள் ஆன்லைன் செஸ் குழுவில் "அவன் எஞ்ஜின் வைத்து ஆடுறான்" (அதாவது, சிறந்த நகர்வைச் சொல்லும் கணினி நிரலைப் பார்த்து ஆடுகிறான்) என்று புகார் வந்தால், ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். பாதிக்கு மேல் தோற்ற கோபத்தில் வருபவை. அவர்கள் முதலில் காட்டுவது துல்லிய சதவீதத்தை, அதாவது நகர்வுகள் எஞ்ஜின் சொல்வதற்கு எவ்வளவு நெருக்கம் என்று தளம் போடும் மதிப்பெண்ணை. அதை ஓரமாக வையுங்கள். 12 நகர்வு வரை எல்லோரும் மனப்பாடமாக ஆடும் ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்), 13-இல் நீங்கள் ராணியைப் பறிகொடுத்தீர்கள் என்றால், அப்புறம் யார் ஆடினாலும் 95 வரும்.

நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. லிசெஸ் என்ற செஸ் தளத்தில் ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் போனது என்று வரைபடமாகவே பார்க்கலாம். மனிதர் ஆடியது கோணல்மாணலாக இருக்கும்: குதிரையை வெட்டினால் திருப்பி வெட்ட ஒரு வினாடி, சிக்கலான இடத்தில் ஒரு நிமிடம். எஞ்ஜினைக் கேட்டு ஆடுபவருக்கு இரண்டுக்கும் ஏழெட்டு வினாடிதான். நகர்வை இன்னொரு திரையில் போட்டு, பதில் பார்த்துத் திரும்பிவர அவ்வளவு ஆகும். திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில் ஏழு வினாடி போயிருந்தால் நகர்வு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை என்றால் விடுங்கள், இணையம் தடுமாறியிருக்கும்.

அடுத்து, ஜெயிக்கிற நிலையில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரு யானை கூடுதலாக இருந்தால் நாமெல்லாம் ராணிகளை மாற்றிக்கொண்டு நிம்மதியாக முடிப்போம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்ஜினுக்கு நிம்மதி தேவையில்லை. யார் எவ்வளவு முன்னிலை என்று அது போடும் மதிப்பு ஆறிலிருந்து ஏழாகும் என்றால், தன் ராஜா வெளியில் நிற்கும்போதே ஓரத்துச் சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளும். 1400 ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளி) உள்ள சுமாரான ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு ஆட்டம் இப்படி ஆடினால் எனக்குச் சந்தேகம் வரும்.

கெட்டிக்காரத் திருடர் ஆட்டத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும்தான் கேட்பார். அவரை ஒரே ஆட்டத்தில் பிடிக்க முடியாது. நிறைய ஆட்டம் வேண்டும். இந்தத் துறையில் பேர்போன பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன்கூட, அந்த ரேட்டிங்காரர் சராசரியாக எத்தனை நகர்வில் எஞ்ஜினோடு ஒத்துப்போவார் என்று கணித்து, அதோடுதான் ஒப்பிடுகிறார். முதல் 8 நகர்வுகளை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நமக்கு எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகப்படுபவரின் புல்லட் ரேட்டிங்கைப் பாருங்கள். புல்லட் என்ற ஒரு நிமிட ஆட்டத்தில் இன்னொரு திரையைப் பார்க்க நேரமிருக்காது. ரேபிடில் (பத்து நிமிடம் போன்ற நிதான ஆட்டம்) 2100, புல்லட்டில் 1100, இரண்டிலும் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்றால் இடிக்கிறது. வயதானவர்கள், மவுஸ் வேகம் வராதவர்கள் விதிவிலக்கு. அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் மாட்டிவிடாதீர்கள்.

சரி, சந்தேகம் உறுதியானால்? சாட்டில் திட்டாதீர்கள். தவறாகக் குற்றம் சாட்டினால் நடவடிக்கை உங்கள் மேல் வரும். தளத்தின் புகார்ப் படிவத்தில் ஆட்டங்களின் இணைப்பையும் நகர்வு எண்களையும் போடுங்கள். "22, 25, 31: திருப்பி வெட்டவும் 7 வினாடி" என்று எழுதினால் பார்ப்பவருக்கு வேலை சுலபம். கணக்கு மூடப்பட்டால், அவரிடம் நீங்கள் சமீபத்தில் இழந்த ரேட்டிங் புள்ளிகளை லிசெஸ்ஸும் செஸ்.காமும் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும்.