பொதி கட்டும் முன் எலியைப் பிடியுங்கள்

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும்போதே, அதாவது பக்கத்தண்டுகள் விடும்போதே, எலி வேட்டைக்கு இறங்கிவிட வேண்டும். தொண்டைக்கதிர் (வெளிவரத் தயாராக நிற்கும் கதிர்) வந்தபிறகு, கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைக்கும் கிட்டிக்காரரைத் தேடி அலைகிறவர்களை எங்கள் மன்னார்குடிப் பக்கம் வருஷம் தவறாமல் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் போனது போனதுதான். பயிர் பொதி கட்டும் (தண்டுக்குள் கதிர் திரளும்) சமயமும் எலி குட்டி போடும் சமயமும் ஒன்றாக வருகின்றன. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூட, ஒரு ஈற்றில் ஆறு எட்டுக் குட்டி. ஐப்பசியில் தப்பிய ஒரு பெட்டை எலி கார்த்திகையில் ஒரு கூட்டமாகிவிடும்.

வரப்பில் நின்று பார்த்து “எலி இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். ஓரப்பயிரை விட்டுவிட்டு நடுவயலில்தான் அது வெட்டும். இறங்கி நடந்து பாருங்கள். தூரின் அடியில் தண்டு சாய்வாக, கருக்கரிவாளால் சீவியது போல வெட்டுப்பட்டுத் தண்ணீரில் கிடக்கும். குருத்துப்பூச்சி தாக்கிய குருத்து காய்ந்து நின்றுகொண்டே இருக்கும், இழுத்தால் கையோடு வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் எலிக்குப் பூச்சிமருந்து அடித்தவர்களும் உண்டு.

அடுத்தது வளை. வரப்பில் இருக்கும் ஓட்டையெல்லாம் எலி வளை அல்ல. நண்டு வளை வாயில் சேறு உருண்டை உருண்டையாகக் கிடக்கும், உள்சுவர் ஈரமாக வழவழவென்று இருக்கும். எலி வளை வாயில் தோண்டித் தள்ளிய தூள்மண் குவிந்திருக்கும். நம் களிமண் வரப்பில் தோண்டுவது பெரும்பாலும் பெருச்சாளி இனத்தில் சின்னது. அது உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அதனால் திறந்த ஓட்டையை மட்டும் தேடாமல் புதுமண் குவியலைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் மாலையில் எல்லா வளையையும் சேறு வைத்து மெழுகிவிடுங்கள். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ, எதன் அருகில் புதுமண் தள்ளியிருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. மற்றதை வெட்டி வேலையை வீணாக்க வேண்டாம்.

வெட்டப் போகும்போது குறைந்தது மூன்று பேர் வேண்டும். வளைக்கு ஒரு வாசல் மட்டும் இருக்காது. வரப்பின் மறுபக்கம், புல்லுக்குள், மேல்மண் மெல்லிசாக விட்டுவைத்த இடம் என்று தப்பிக்கும் வழிகள் இருக்கும். ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலும் வறட்டியும் போட்டுக் கொளுத்தி, பானையின் வாயை வளைவாயோடு சேர்த்துச் சேறு பூசி, அடி ஓட்டை வழியாக ஊதுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். புகை எங்கே கசிகிறதோ அங்கே இன்னொரு வழி இருக்கிறது என்று அர்த்தம்; அங்கே ஒருவர் வலையோடு நிற்க வேண்டும். பிறகு மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போகலாம். ஒரு கிளையில் வைக்கோல் மெத்தை, அதில் கண் திறக்காத குட்டிகள். இன்னொரு கிளையில் அறுத்துக் கொண்டுபோய் அடுக்கிய கதிர்கள், காம்பு ஒரு பக்கமாக, மணி ஒரு பக்கமாக. அந்தக் கிடங்கைப் பார்த்தவர்களுக்கு எலி தின்பதைவிடச் சேர்ப்பது எவ்வளவு என்று புரியும்.

எக்காரணம் கொண்டும் வளைக்குள் கை விடாதீர்கள். எலி போன வழியில் நல்லபாம்பும் போகும். சாரை வந்தால் விட்டுவிடுங்கள். அது நமக்காகத்தான் வேட்டையாடுகிறது, அடித்தால் சட்டப்படியும் குற்றம்.

தண்ணீர் நிற்கும் வயலுக்குக் கிட்டிதான் சரி. தஞ்சாவூர்க் கிட்டி என்று ஊரெங்கும் பேர் பெற்ற மூங்கில் பொறி. வளைத்துக் கட்டிய மூங்கில் வில், கயிறு, இரை வைக்கும் இடம், அவ்வளவுதான். இரையை எலி இழுத்ததும் வில் விடுபட்டுக் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். எலி நெடுநேரம் துடிப்பதில்லை. எனக்குக் கிட்டி பிடிக்க அதுவும் ஒரு காரணம். நான் ஏக்கருக்கு 40 வைக்கச் சொல்வேன். பொரியோ, வறுத்த அரிசிமாவில் பிடித்த உருண்டையோ இரையாகப் போதும். பொழுது சாயும்போது எலித்தடம் பார்த்து, சேற்றில் கால் பதிந்த பாதையிலேயே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி ஊன்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளக் குச்சி நடுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் பாதிக் கிட்டி கண்ணில் படாது. எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதுதான் வழக்கம். பேரம் பேசிக் குறைக்காதீர்கள். எங்கள் வயலில் கிட்டி வைக்கும் பெரியவர் தடத்தைப் பார்த்தே எலி போகிறதா திரும்புகிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்குத்தான் கூலி.

விஷம் வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துத்தநாக பாஸ்பைடு தின்ற எலி சாகும். அரைகுறையாகத் தின்று பிழைத்தது அந்த இரையை மறுபடி தொடாது. விஷம் தின்ற எலியைத் தின்று நாயும் கூகையும் சாகக்கூடும். மனிதர் வயிற்றில் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. வயலெலியைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் நம்மூரில் இருக்கின்றன. நீங்களோ பக்கத்து வயல்காரரோ விஷம் வைத்திருந்தால் கிட்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைப்பது கொலைக்குச் சமம். எலிக்கென்று வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பது அதைவிட மோசம். இரவில் தண்ணீர் பார்க்கப் போனவர்கள் அதில் செத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிடித்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். காலில் சேற்றுப்புண் இருந்தால் அதுவே வாசல். ரப்பர் பூட்ஸ், கையுறை போடுங்கள். வேட்டைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போய் “வயலில் எலி பிடித்தேன்” என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு எடுத்துப்போகாத எலியை ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

இரவு வேட்டைக்கு ஆந்தையும் கூகையும் இருக்கின்றன. தென்னை மட்டையை ‘டி’ வடிவத்தில் கட்டி வயலுக்குள் ஆங்காங்கே நட்டால் உட்கார்ந்து பார்க்க வசதி. கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் குருவிகள் உட்கார்ந்து மணியைக் கொத்தும்.

ஒரு வயலில் மட்டும் பிடித்துப் பிரயோசனம் இல்லை, பக்கத்து வயல் எலிக்கு நம் வரப்பு எல்லையல்ல. ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சும் வயல்காரர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். இப்படிச் சேர்ந்து இறங்க நல்ல காலம் நடவுக்கு முந்தைய சித்திரை, வைகாசி. வயல் காய்ந்து கிடக்க, எலியெல்லாம் வாய்க்கால் கரையிலும் களத்துமேட்டிலும் ஒதுங்கியிருக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் கரையை வெட்டி, வரப்பைச் செதுக்கி ஒடுக்கமாக்கிவிடுங்கள். அகல வரப்பில்தான் வளை நிற்கும். தண்ணீர் வந்து எலி வயலுக்குள் பரவிவிட்டால் பிறகு பெரும்பாலும் கிட்டிதான் வழி.