வயசாச்சு என்று விட்டுவிடுகிற அசதி: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

அறுபது தாண்டிய ஒருவர் "அசதியா இருக்கு" என்று சொன்னால், வீட்டில் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." முதல் தவறு இதுதான். காரணம் தேடுவதை நிறுத்தியாச்சு, அப்புறம் என்ன, பக்கத்து வீட்டில் சொன்னதை எல்லாம் செய்துபார்க்க வேண்டியதுதான்.

வயதானால் தெம்பு குறையும், உண்மை. ஆனால் அது வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். தை மாதம் மாந்தோப்பில் நாள் முழுக்க நின்றவர், சித்திரையில் திண்ணையை விட்டு எழவே யோசிக்கிறார் என்றால் அதற்கு வயதைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் யாருக்கும் பத்து வயது கூடிவிடாது. இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, இதயம், சிறுநீரகம், மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாதிக்கு மேல் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த வயதில் இரத்தம் குறைந்தால் சத்து மாத்திரை போடுவதோடு நிறுத்தக் கூடாது. வயிற்றுப்புண், மூலம், குடல் என்று எந்த வழியாகக் கசிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய வசதி. அதற்காக டாக்டரைப் பார்ப்பதையே விட்டுவிடக் கூடாது. மாத்திரை கொண்டுவருபவரிடம் அசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

அடுத்தது குளுக்கோஸ் பாட்டில். "ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பு வந்துடும்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணமாக ஏற்றும் 5 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். மீதி தண்ணீர். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அதனால் என்ன லாபம்? சர்க்கரை நோயாளிக்கு அது வேண்டாத சர்க்கரை. இதயம் பலவீனமானவருக்கு வேண்டாத தண்ணீர். மூட்டுவலிக்கும் அசதிக்கும் சேர்த்து விற்கும் பெயரில்லாத பொடிகளும் இதே ரகம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் ஓடவைக்கும், அப்புறம் எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். களி தின்றால் கல்லையும் உடைக்கலாம் என்ற பெருமை நமக்கு உண்டு. கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தில் அரிசி பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் 100 கிராம் மாவில் புரதம் 7 கிராம் அளவுதான், முக்கால் பங்கு மாவுச்சத்து. அந்தக் காலத்துக் களியோடு கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை, கருவாடு என்று ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தது. இப்போது பல வீடுகளில் களியும் சட்னியும், இல்லாவிட்டால் கூழும் ஊறுகாயும். பல் போனவர்கள் நிலைமை இன்னும் மோசம்: ரசம் சோறு, டீயில் நனைத்த பன். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போகாது. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம். மெல்ல முடியாவிட்டால் குழைய வேகவைத்துக் கடைந்து கொடுங்கள், தயிர் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை வைத்துக்கொள்ளட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு தவறு. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, அதனால் தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருக்கக் கூடாது. தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறும் நாளில் வழியில் இறங்க முடியாதே என்று காலையிலிருந்து குடிக்காமலே கிளம்பும் பெண்கள் எத்தனை பேர்! இன்னொன்று போர்வெல் தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்து மூட்டையும் முதுகையும் இறுக்கும், நடக்கவே சலிப்பாகும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர்வெல் தண்ணீர் எடுப்பது பாதி வேலைதான். சமையலுக்கும் அந்தக் குடிநீரையே எடுங்கள்.

பிள்ளைகள் பாசத்தில் செய்யும் தவறுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாலக்கோடு பக்கம் காடு கழனி என்று திரிந்த அப்பாவை ஓசூரில் மூன்றாவது மாடிக்குக் கூட்டிவந்து, "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்" என்கிறார்கள். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. சும்மா உட்கார்ந்தால் இன்னும் வேகம். அசதி என்று உட்கார, உட்கார்ந்ததால் அசதி கூட, அதனால் மறுபடி உட்கார... இது நிற்காது. வாரத்துக்கு 150 நிமிடம் நடை, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடை மட்டும் போதாது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, மாடிப்படி, கடையிலிருந்து இரண்டு கிலோ பை. அப்பாவைக் கடைக்கு அனுப்புங்கள், குற்றம் ஒன்றும் இல்லை.

மாத்திரைகளையும் சந்தேகப்படலாம். அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் பகலில் சோர்வு தரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சில் அழுத்தம், கால் வீக்கம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் ஒன்று அசதியோடு சேர்ந்து வந்தால் நாள் தள்ளக் கூடாது. நெஞ்சு அழுத்தமோ மூச்சு வாங்குவதோ திடீரென்று வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை, லேகியம், பொடி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சும்மா அசதி" என்று சொல்வதைவிட, போன பொங்கலுக்கு முடிந்த எந்த வேலை இப்போது முடியவில்லை என்று சொன்னால் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.