பின் சக்கர ஹப்பில் இறுகிய ரப்பர் புஷ்ஷைக் கழற்றிய விதம்

என் பைக்கில் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்று ஒரு அடி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) ஆட்டினால் அது மட்டும் தனியாக ஆடியது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள், செயினின் இழுப்பு அதிர்வைத் தாங்க இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது, சந்தேகமே இல்லை.

பல வண்டிகளில் இது வெறும் ரப்பர் துண்டு, கையாலேயே வந்துவிடும். என் பழைய வண்டியில் ரப்பருக்கு வெளியே ஓர் இரும்புக் கூடு, அது அலுமினிய ஹப்பில் இறுகிக் கிடந்தது. புஷ் உட்காரும் துளை மறுபக்கம் திறக்காததால் பின்னாலிருந்து தட்டவும் வழியில்லை.

முதலில் ரப்பரைச் சுற்றிச் சின்ன டிரில்லால் துளைகள் போட்டு அதன் நடுவில் இருக்கும் குழாயை இழுத்தெடுத்தேன். நெருப்பு வைத்து எரிக்காதீர்கள், அந்தப் புகை பொல்லாதது. அப்புறம் வெறும் ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து, இரும்புக் கூட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டு. இங்கே அவசரமே கூடாது. பிளேடு இரும்பைத் தாண்டினால் ஹப் கீறிவிடும். அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஹப்பை ஹீட் கன்னால் சூடாக்கி, மெல்லிய உளியால் கூட்டை உள்பக்கம் மடக்கினேன். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். பிடி தளர்ந்து கூடு வந்துவிட்டது.

புதிய புஷ்ஷை ஏற்றும்போது, வெளிக்கூட்டின் விளிம்பில் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டை (நட்டுக் கழற்றும் குழாய் வடிவ ஸ்பேனர் துண்டை) வைத்துத் தட்டுங்கள். ரப்பரில் அடி விழக் கூடாது. மாற்றுவதென்றால் ஹப்பில் இருக்கும் எல்லா புஷ்ஷையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.